பூப்போட்ட ஆறு சட்டை

நல்லாப் பாத்துக்குங்க தம்பி. ஓரக்கண்ணால எதுக்குப் பாக்கறீங்க, நேராவே பாருங்க. பனியன்ல இருக்கறது பூனைதானுங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு ஐஸ் திங்குது. கீழ என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, கெட்ட வார்த்தை இல்லைன்னு மருமவன் சொன்னாரு. அவரு போன தடவை வந்தப்ப விட்டுட்டுப் போன பனியன். பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் தேவையான்னுதான நெனைக்கறீங்க? தேவையில்லீங்க. ஆனா ஊட்டுல எனக்குச் சட்டை இல்லை.

இல்லைன்னா இல்லவே இல்லைங்க. கல்யாணத்துக்குப் போடற பட்டுச் சட்டை ஒண்ணு பீரோவுல இருக்குது. அதைப் போட்டுட்டு கோயமுத்தூரு பஸ்ஸுல ஏறுனா, யாரு ஊட்டு விசேசமுங்கன்னு கண்டக்டரே கேப்பாரு. அதுக்குப் பூனை தேவலைன்னு கெளம்பிட்டேன்.

சித்தெ அக்கட்டால நகந்துக்கறீங்களா? இந்தப் பையை மடியிலதான் வெச்சுக்கோணும். மேல வெக்க மாட்டேன். எவனாச்சும் அதுமேல வாழைத்தாரைத் தூக்கி வெச்சுட்டான்னா போச்சு. போர்வைங்க. துண்டு துண்டாத் துணியை வெட்டிச் சேத்துத் தெச்சு, நடுவுல பஞ்சு வெச்சு, குயில்ட்டுன்னு சொல்லுவாங்களே, அது. நம்ம கரூர்ல இருந்து கப்பல் கப்பலாப் போகுதே, பாத்திருப்பீங்க. இது கப்பலுக்கு இல்லை. சிங்காநல்லூர்ல இறங்கி, ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு புள்ளைகிட்டக் குடுக்கோணும். பூனையோட லேடீஸ் ஹாஸ்டலுக்கு. என்ற தலையெழுத்து.

நான் யாருன்னு சொல்லலையே. நாச்சிமுத்துங்க. கட்டிங் மாஸ்டர். ரிட்டையர் ஆயாச்சு. கரூருக்கு வெளிய ஒரு சட்டைக் கம்பெனி, அங்க துணி வெட்டற பேண்ட் நைஃப் கத்தி என்ற கையில இருந்த வரைக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. துணியைத் தொட்டா பாவு எந்தப் பக்கம் ஊடை எந்தப் பக்கம்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இப்பக் கோடச் சொல்லுவேன், உங்க சட்டையைக் குடுங்க. வேண்டாமா? செரி.

இப்ப ரிட்டையர் ஆன ஆளுன்னா ஊட்டுல என்ன மருவாதின்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க சின்ன வயசு. காலையில பேப்பர், பத்து மணிக்கு டீக்கடை, அப்பறம் கரண்ட் பில்லு கட்டற சோலி வந்தா அன்னிக்கு நோம்பி, பொங்கல் தீவாளி மாதிரி. கம்பெனியில அத்தனை பேரு மாஸ்டர் மாஸ்டர்னு பின்னாடி சுத்தினவங்க, கடைவீதியில பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறாங்க. எங்க தெருவுல தனபால்னு ஒருத்தரு இருந்தாரு, அவரு ஒருத்தருதான் கடைசி வரைக்கும் என்னை மாஸ்டர்னு கூப்பிட்டவரு. பஸ் பாடி கட்டற பட்டறையில பெயிண்டர். இந்த பஸ்ஸு பின்னாடி மயிலு வரைஞ்சிருக்குதே, ஏறும்போது பாத்தீங்களா? அவரு வரைஞ்சதாக் கோட இருக்கும், யாரு கண்டா. ஆளும் பஸ்ஸு மாதிரியேதான் இருப்பாரு. பூப்போட்ட சட்டைதான் போடுவாரு. செம்பருத்தி, தென்னை மரம், கிளி, எல்லாம் அவரு முதுகுல இருக்கும். போன வருசம் சித்திரையில பட்டறையிலேயே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவரு எந்திரிக்கலை. இந்தப் போர்வை அவரு சட்டையில தெச்சதுதானுங்க. அவரு மவளுக்கு.

இருங்க, வரிசையாச் சொல்றேன். அவசரப்பட்டா உங்களுக்கும் என் மேலதான் தப்புன்னு தோணிரும்.

என்ற மவ கனடாவுல இருக்கறா. போன தடவை வந்தப்ப அவங்கம்மாவுக்கு ஒரு மெஷினு கொண்டாந்தா. எனக்கு ஒரு டார்ச் லைட்டு. மெஷினுன்னா கரண்ட்டு கிடையாது, கையில சுத்தறது. கரும்பு ஜூஸ் புழியறாங்களே, அந்த மெஷினுக்குத் தம்பின்னு வெச்சுக்குங்க. ரெண்டு உருளை, பக்கத்துல ஒரு கைப்பிடி. அதோட பலகை பலகையாக் குடுத்திருக்கான். ஒரு பலகையில சதுரம், ஒண்ணுல முக்கோணம், ஒண்ணுல சாஞ்ச கட்டம். பலகைக்குள்ள அந்த வடிவத்துக்குப் பிளேடு நட்டு வெச்சிருக்கும், மேல ஸ்பாஞ்சு இருக்கறதுனால கண்ணுக்குத் தெரியாது. டைன்னு பேரு. அதுமேல துணியை அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் அட்டையை மூடி, உருளைக்கு நடுவுல விட்டுச் சுத்தினா, அந்தப் பக்கமா வரும்போது துணி வெட்டுப்பட்டு அடுக்கா நிக்கும். கத்தரி வேண்டாம், சாக்பீஸ் வேண்டாம், அளவு டேப் வேண்டாம்.

மாஸ்டரும் வேண்டாம். அதை அவ சொல்லலை, ஆனா எனக்குக் கேட்டுது.

என்ற சம்சாரம் பேரு சம்பூரணம். அதுவரைக்கும் அவ தலகாணி உறைகூடக் கோணலாத்தான் வெட்டுவா. நான் வெட்டிக் குடுத்து அவ தெப்பா, அதுதான் எங்க ஊட்டு ஏற்பாடு. மெஷினு வந்த மூணாம் மாசம் தெருவுல பாதி ஊட்டுல அவ தெச்ச போர்வை. கைப்புள்ளைங்களுக்கு, கால் வலிக்காரிங்களுக்கு, கல்யாணச் சீருக்கு. ஆயுத பூசைக்கு என்ற கத்தரிக்குப் பொட்டு வெச்சு நடுவுல வெச்சிருந்தேன். குளிச்சுட்டு வந்து பாக்கறேன், நடுவுல மெஷினு உக்காந்திருக்கு, மாலை போட்டுட்டு. கத்தரி ஓரத்துல. நான் ஒண்ணும் கேக்கலை. கேட்டா பொறாமைம்பாங்க. எனக்கு என்னங்க பொறாமை? ஒரு ஜூஸ் மெஷினு மேல!

ஒரு நாள் வளர்மதி டீச்சர் வந்தாங்க. தனபால் சம்சாரம். ஹைஸ்கூல்ல தமிழ் எடுக்கறவங்க. வாசல்ல நின்னு, "மாஸ்டர் இருக்காங்களா?"ன்னாங்க. ரொம்ப நாளைக்கு அப்பறம் அந்த வார்த்தையைக் காதுல கேட்டேன் பாருங்க, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு, "இருக்கறேன், சொல்லுங்க டீச்சர்"ன்னேன். அவங்க ஒரு மாதிரி சிரிச்சுட்டு, "இல்லீங்கண்ணா, அக்காவைக் கேட்டேன்"ன்னாங்க.

கூட மவளும் வந்திருந்தா. இளவெயினின்னு பேரு. தமிழ் டீச்சர் பேரு வெச்சா அப்படித்தான், கூப்பிடறதுக்குள்ள புள்ளை தெரு முனை தாண்டிரும். நான் வெயினின்னு கூப்பிடுவேன். காலேஜ் சேந்திருக்கா, ஹாஸ்டல்ல இருக்கோணும், அப்பாவோட சட்டை ஆறு இருக்குது, அதுல ஒரு போர்வை தெச்சுக் குடுங்கக்கான்னு டீச்சர் கேட்டாங்க. பிளாஸ்டிக் பை, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாங்க. அந்தப் புள்ளைதான் வெச்சிருந்தா. குடுக்கறதுக்கு முன்னாடி முடிச்சைக் கொஞ்சமா அவுத்து, மூஞ்சியை உள்ள விட்டு ஒரு நிமிசம் பாத்துட்டு, மறுபடியும் கட்டிக் குடுத்தா. ஈரம் கீரம் பட்டு பூசணம் புடிச்சிருக்கான்னு பாத்திருப்பா. பொறுப்பான புள்ளை. டீச்சர் சம்பூரணத்தோட காதுகிட்ட வந்து என்னமோ சொன்னாங்க. இவ தலையை ஆட்டி ஆட்டி, "கண்டிப்பா டீச்சர், கண்டிப்பா"ங்கறா. சட்டைத் துணியில காதுக்குள்ள சொல்றதுக்கு என்னங்க இருக்குது? நான் டிவியில நியூஸ் பாத்துட்டு இருந்தேன். எனக்குக் கேக்கலை.

அந்த வாரமே வெள்ளக்கோயில்ல ஒறம்பரை ஊட்டுல, சொந்தக்காரங்கதான், வளைகாப்பு. சம்பூரணம் போனா. போகும்போது சாப்பாடு எங்க இருக்குது, கேஸை மூடுங்க, எல்லாம் சொல்லிட்டு, "ஏனுங்க, அந்தப் பையை மட்டும் தொடாதீங்க"ன்னா. பொம்பளைங்க ஊரைவிட்டுப் போகும்போது எல்லாத்தையும்தான் தொடாதீங்கன்னு சொல்லுவாங்க. ஃபிரிட்ஜைத் தொடாதீங்க, ஊறுகாயைத் தொடாதீங்க. அதெல்லாம் கேட்டா மனுசன் பொழைக்க முடியுமா?

அவ போன பொறகு ரோசனை பண்ணினேன். புள்ளை ஹாஸ்டல்ல சேரப் போகுது. இவ ஒறம்பரை ஊட்டுல உக்காந்து வளையல் அடுக்கிட்டு இருக்கறா. வந்து எப்ப வெட்டி, எப்பத் தெச்சு? நாமளே வெட்டி வெச்சுட்டா வந்ததும் தெச்சுருவா. அசந்து போவா. சொல்லப்போனா, தம்பி, எனக்கும் அந்தக் கைப்பிடியை ஒரு தடவை சுத்திப் பாக்கோணும்னு இருந்துச்சு. அவ இருக்கும்போது கேக்க முடியுமா?

பையைத் தொறந்தேன். அப்பப்பா! என்ன நாத்தம்ங்கறீங்க! பெயிண்ட்டு, தின்னரு, வேர்வை, தலைக்கு வெக்கற ஏதோ ஒரு எண்ணெய், எல்லாம் ஒண்ணாச் சேந்து ஊறிப்போயி. பத்தாங்கிளாசுக்குப் பாடம் எடுக்கறவங்க, செத்தவரு சட்டையைத் தொவைக்காமக் கட்டி வெச்சு, தொவைக்காமலே குடுத்தனுப்பியிருக்காங்க. எனக்கே கூச்சமாப் போச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்பக் கோட உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.

மேக்கொண்டு தொழில்னு ஒண்ணு இருக்குதுங்க. தண்ணியைப் பாக்காத துணியை நான் வெட்ட மாட்டேன். சுருங்கற துணி மொதல்லயே சுருங்கிறோணும். வெட்டித் தெச்சதுக்கப்பறம் சுருங்குனா யாரு பதில் சொல்றது? போட்டுப் பழசான சட்டைதான, எத்தனையோ தடவை தொவைச்சிருப்பாங்களேங்கறீங்களா? இருக்கலாம். சட்டம் சட்டந்தானுங்க.

அதுலயும் பாருங்க, அப்படியே அள்ளி முக்கிறலை. காலரையும், கை நுனியில பட்டையா வருமே அந்தக் கப்பையும் மொதல்ல பிரிச்சு எடுத்துட்டேன். உள்ள கேன்வாஸ் வெச்சிருப்பான், தண்ணியில ஊறினா முறுக்கிக்கும். காலர்ல பலகைக் கட்டம் முழுசா விழாது வேற. அதை அப்படியே வெட்டுத்துணி மூட்டையில வீசிட்டு, மத்ததைச் சோப்புத்தூள் ரெண்டு கை போட்டு ஊற வெச்சு, தேச்சு, ரெண்டு தண்ணி அலசி, கடைசித் தண்ணியில அந்த நீலக் கலர் வாசனை மருந்து ஒரு மூடி ஊத்தி, காயப் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டேன். மொடமொடன்னு ஆயிருச்சு. தனபால் உசுரோட இருந்த காலத்துல அந்தச் சட்டைங்க அத்தனை சுத்தமா இருந்திருக்காது.

அப்பறம் மெஷினு. சாஞ்ச கட்டப் பலகையைத்தான் சம்பூரணம் எடுத்து வெச்சிருந்தா, மவ அனுப்பின போர்வை போட்டோவைச் செவுத்துல ஒட்டியிருந்தா. சட்டை முதுகை மடிச்சு மடிச்சு, விசிறி மடிப்பா, பலகை மேல போட்டு, அட்டையை மூடி, சுத்தினேன். கறக் கறக் கறக்குன்னு ஒரு சத்தம் வருது பாருங்க. சுகமா இருந்துச்சுங்க. பொய் சொல்லக் கூடாது. பொழுதோட உக்காந்தவன் சுத்திக்கிட்டே இருந்தேன். ஆறு சட்டையும் முடிஞ்சு போனது வருத்தமாத்தான் இருந்துச்சு. அடுக்கி வெச்சேன். ஒரு நூலு பிசிறு இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் சம்பூரணம் வந்தா. கையில கட்டுச்சாதம், வளையலு, சிரிச்சுட்டே வந்தா. கட்டங்களைப் பாத்தா. அவளே சொல்லட்டும்னு பக்கத்துலயே நின்னேன். ஒரு கட்டத்தை எடுத்தா. மூக்குகிட்டக் கொண்டு போனா.

"தொவச்சீங்களா?"ன்னா.

"ரெண்டு தண்ணி"ன்னேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டா. பஸ்ஸுல நின்னுட்டே வந்திருப்பா, பாவம், அவளுக்கு முட்டிவலி.

அதுதானுங்க அவ எங்கிட்டக் கடைசியாப் பேசுனது. அதுக்கப்பறம் பேச்சில்லை. சாப்பாடு வரும், தண்ணி வரும். பேச்சு வராது. என்னன்னு ரோசனை பண்ணிப் பண்ணிப் பாத்தேன். கட்டத்தையெல்லாம் விரிச்சுப் போட்டுப் பாத்தப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

உங்களுக்குத் தொழில் தெரியாது, சொல்றேன் கேளுங்க. சட்டைக்கு ரெண்டு கை. இடது கையும் வலது கையும் ஒண்ணையொண்ணு கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கோணும். அதுக்குத் துணியை மடிச்சு மடிச்சு, முகமும் முகமும் பாத்துக்கற மாதிரி அடுக்குவோம். ஒரு தடவை கத்தி எறங்குச்சுன்னா பாதி இடது கை, பாதி வலது கை. காலமெல்லாம் அப்படி அடுக்கின கை இது. தானா அப்படித்தான் மடிச்சிருக்குது. ஆனா போர்வைக்கு ஏதுங்க இடது கை, வலது கை? போட்டோவுல எல்லாக் கட்டமும் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்குது. நான் வெட்டினதுல பாதி இந்தப் பக்கம் சாயுது, பாதி அந்தப் பக்கம் சாயுது. திருப்பிப் போட்டுக்கலாமேங்கறீங்களா? பிரிண்ட்டுத் துணிங்க. திருப்பினா செம்பருத்தி உள்ள போயி வெளுத்த முதுகு மேல வரும். வெட்டினது வெட்டினதுதான்.

ஓகோ, இதுக்குத்தான் கோவம்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்ச பொறகு ஆம்பளையாச் சும்மா இருக்க முடியுமா?

அதுக்குள்ள அவ என்ன பண்ணினாங்கறீங்க, வெட்டுத்துணி மூட்டையைத் தூக்கிட்டுப் போயி வாசல்ல கொட்டி, ஒரு மத்தியானம் முச்சூடும் கிளறிட்டு இருந்தா. மாசக்கணக்கா சேந்த துண்டு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறா, வெக்கறா. பத்தாத கட்டத்துக்குத் துணி தேடறான்னு நெனைச்சுட்டு, "அதுல ஒண்ணும் தேறாது புள்ளே, எல்லாம் பொடித் துண்டு"ன்னேன். திரும்பிக்கோடப் பாக்கலை. கிளறிட்டே இருந்தா. எனக்குப் பாக்கவே பாவமா இருந்துச்சு.

அன்னிக்குத்தான் பீரோவைத் தொறந்தேன். என்ற சட்டை எல்லாத்தையும் எடுத்தேன். எல்லாம் கோடு போட்ட நயம் காட்டன், ஒவ்வொண்ணும் நானே வெட்டுனது. கம்பெனியில விடை குடுத்தப்பப் போட்டிருந்ததும் அதுல ஒண்ணு. அவ குளிக்கப் போன நேரம் பாத்து, இந்தத் தடவை மடிக்காம, எல்லா முகமும் மேல பாக்கற மாதிரி ஒவ்வொரு துண்டா அடுக்கி, கைப்பிடியைச் சுத்துனேன். அந்தப் பக்கம் சாஞ்ச பாதிக்குப் பதிலா இதை வெச்சுக்க, எல்லாம் ஒரே பக்கம் சாயும்னு மெஷினு மேல வெச்சுட்டு வந்துட்டேன். பூவுக்கு நடுவுல கோடு வந்தா எடுப்பாத்தான் இருக்கும். சொல்லுங்க, எந்தப் புருசன் செய்வான்? மேலுக்குச் சட்டை இல்லாம நின்னேன் தம்பி, அவ ஒரு வார்த்தை பேசோணும்னு.

அடுத்த வாரம் பாக்கறேன், வாசப்படியில புதுசா ஒரு கால்மிதி. நல்லா மெத்துன்னு, கோடு போட்டு, சாஞ்ச சாஞ்ச கட்டமா. ஒரே பக்கம்தான் சாஞ்சிருந்துச்சு, அதுல ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. இப்ப என்ற சட்டையை மிதிச்சுட்டுத்தான் என்ற ஊட்டுக்குள்ள போறேன்.

அப்ப போர்வை? போர்வையை அவ அந்தப் பூத்துணியில மட்டுமே தெச்சுட்டா. ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய, அடுத்த வரிசை அந்தப் பக்கம் சாய, அலை அலையா. வெளிய இருந்து ஒரு துண்டு சேக்கலை. பாக்கறவங்க அதுதான் டிசைன்னு நெனைப்பாங்க, அத்தனை அம்சமா வந்திருக்குது. ஆக, நான் வெட்டினதுல ஒண்ணும் வீணாப் போகலை. தப்புன்னு எதை நெனைச்சேனோ அது தப்பே இல்லைன்னு ஆயிருச்சு. அவளே செரி பண்ணிட்டா. அப்பறம் எதுக்குங்க பேச மாட்டேங்கறா? அதுதான் எனக்கு வெளங்கவே இல்லை. போர்வை முடிஞ்சு, மடிச்சு வெச்சதுக்கு அப்பறமும் பேசலை.

டீச்சர் போர்வையைப் பாக்க வந்தாங்க. சம்பூரணம் அவங்களை உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவைச் சாத்திட்டா. என்ற டிவி சத்தத்தைக்கோடக் குறைச்சுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கலை. அப்பறம் டீச்சர் வெளிய வந்தாங்க. மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. புருசன் ஞாபகம் வந்திருக்கும். என்னைப் பாத்து, "பரவால்லீங்கண்ணா. நீங்க நல்லதுக்குன்னுதான் பண்ணியிருப்பீங்க"ன்னாங்க. பாத்தீங்களா? துணிக்குச் சொந்தக்காரங்களே பரவால்லைங்கறாங்க. "சாய்வு கொஞ்சம் மாறிப் போச்சுங்க டீச்சர், மத்தபடி துணி நல்லாச் சுத்தமா இருக்குது"ன்னேன். தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டாங்க.

புள்ளை ஏற்கெனவே ஹாஸ்டலுக்குப் போயாச்சு. டீச்சருக்கு ஸ்கூல்ல பரிச்சை, போக முடியாது. இன்னிக்குக் காலையில சம்பூரணம் இந்தப் பையைக் கொண்டாந்து என்ற முன்னாடி வெச்சா. "நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க"ன்னா. அத்தனை நாளைக்கு அப்பறம் மொதப் பேச்சு! சந்தோசத்துல டீயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். "போறேன் புள்ளே, போறேன்"ன்னேன். "அவ பிரிச்சுப் பாக்கற வரைக்கும் அங்கயே நில்லுங்க"ன்னா. அப்பறம் இந்தச் சின்ன பொட்டலத்தையும் குடுத்து, "இதைத் தொறக்காமக் குடுங்க"ன்னா. என்ன இருந்தாலும் என்னை நம்பித்தான தாட்டி விட்டிருக்கா?

சூலூரு வந்திருச்சா? அப்ப இன்னும் சித்தெ நேரந்தான்.

பொட்டலத்துல என்ன இருக்கும்ங்கறீங்க? தட்டுவடையா இருக்கும்னு நெனைச்சேன். அமுக்கிப் பாத்தா நொறுங்க மாட்டேங்குது, மெத்துன்னு இருக்குது. கவருக்குள்ள கவரு, அதுக்குள்ள இன்னொரு கவரு, ஒவ்வொண்ணுக்கும் முடிச்சு. தொறக்காதீங்கன்னாத்தான். என்ன கொண்டு போறோம்னு தெரியாமக் கொண்டு போயி, செக்யூரிட்டி கேட்டா என்னன்னு சொல்லுவேன்? இந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க.

அட.

காலருங்க. கப்பு. அன்னிக்கு நான் பிரிச்சு மூட்டையில வீசின காலரு. ஆறும் இருக்குது. இதைத்தான் வாசல்ல உக்காந்து தேடியிருக்கா! பாருங்க, அழுக்கு எப்படிப் படிஞ்சிருக்குதுன்னு. வெட்டுக் கழிவுங்க இது. காலேஜ் படிக்கற புள்ளைகிட்டக் கொண்டுபோய், இந்தா கண்ணு, உங்கப்பன் அழுக்குக் காலருன்னு குடுப்பாங்களா? கூட நிக்கற புள்ளைங்க என்ன நெனைக்கும்? ஏற்கெனவே பூனை. நீங்க ஜன்னல் ஓரம்தான இருக்கறீங்க, இதைக் கொஞ்சம் வெளிய வீசிருங்க தம்பி. புடிங்க.

ஏனுங்க? வாங்க மாட்டீங்களா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

உஸ்... நாத்தம் வருது பாருங்க. அதே பெயிண்ட்டு. அதே எண்ணெய். டீக்கடையில பெஞ்சுல பக்கத்துல வந்து உக்காருவாரு, இதே நாத்தம்தான் மொதல்ல வரும். "மாஸ்டர், டீ சொல்லட்டுமா?"ம்பாரு. தோள்மேல கையைப் போடுவாரு. பெயிண்ட்டுக் கை, சட்டையில ஒட்டிரும்னு நான் நகந்துக்குவேன். மறுபடியும் வந்து ஒட்டி உக்காருவாரு. அந்த மனுசன் இங்க உக்காந்திருக்கற மாதிரியே...

அந்தப் புள்ளை பைக்குள்ள மூஞ்சியை விட்டுப் பாத்தா தம்பி. நான் ஈரம் பாக்கறான்னு நெனைச்சேன்.

சம்பூரணம் தொவச்சீங்களான்னு கேட்டா. வந்ததும் அதைத்தான் கேட்டா. சாய்வைப் பத்தி அவ ஒரு வார்த்தை கேக்கலை, இன்னிக்கு வரைக்கும் கேக்கலை. நானாத்தான் சாய்வு சாய்வுன்னு... ரெண்டு தண்ணின்னு சொன்னேனுங்க. பெருமையாச் சொன்னேன்.

பிரிச்சுப் பாக்கற வரைக்கும் நில்லுங்கன்னா. அந்தப் புள்ளை போர்வையைப் பிரிச்சா மொதல்ல என்ன பண்ணும்? மூஞ்சியைத்தான வெக்கும்?

கட்டுங்க தம்பி. நீங்க கட்டுங்க, நான் கவரோட வாயைப் புடிச்சுக்கறேன். அமுக்காதீங்க, காத்து வெளிய போயிரும், உள்ள இருக்கறது உள்ளயே இருக்கட்டும். இறுக்கி. இன்னொரு முடிச்சு. இருங்க, இருங்க, மொதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க.